வண்டிக்கு முன் ஒரு கேள்வி: அவசர அழைப்புகளில் செயற்கை நுண்ணறிவு, படுவான்கரையிலிருந்து ஒரு பார்வை

கோப்பன்ஹேகனில் 112க்கு வரும் மருத்துவ அழைப்புகளை எடுப்பவர்கள் தாதியரும் துணை மருத்துவர்களும். 2018 செப்டெம்பரிலிருந்து 2019 இறுதி வரை அவர்களோடு சேர்ந்து ஒரு மென்பொருளும் அந்த அழைப்புகளைக் கேட்டது. கோர்ட்டி என்ற டென்மார்க் நிறுவனத்தின் தயாரிப்பு அது. அழைப்பவர் பேசப் பேச அதை எழுத்தாக்கி, நோயாளியின் இதயம் நின்றுவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் திரையில் எச்சரிக்கை காட்டும். அவசர அழைப்புகளை வரிசைப்படுத்தச் செயற்கை நுண்ணறிவு என்று யார் பேசினாலும் இந்தக் கதை வந்துவிடும். பெரும்பாலும் பாதிதான் வரும். இலங்கையின் கிழக்கே, வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்று சொல்லும் எங்கள் மட்டக்களப்புக்கு வேண்டியது மறுபாதி.

கோப்பன்ஹேகனில் நடந்தது

முதல் பாதி இது. 2014ஆம் ஆண்டின் 108,607 அழைப்புப் பதிவுகளை மென்பொருளுக்குப் போட்டுக் காட்டினார்கள். அவற்றில் 918 அழைப்புகள் உண்மையிலேயே இதயம் நின்றவர்களுக்காக வந்தவை. அழைப்பை எடுத்தவர்கள் அவற்றில் 72.5 வீதத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள், மென்பொருள் 84.1 வீதத்தைக் கண்டுபிடித்தது. நேரமும் குறைவு: மனிதருக்கு 54 செக்கன், மென்பொருளுக்கு 44 (இரண்டும் இடைநிலை அளவு). இதயம் நின்ற ஒருவருக்கு நெஞ்சை அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 வீதம் வரை குறையும் என்பார்கள். அந்தக் கணக்கில் பத்துச் செக்கன் சின்ன விஷயமில்லை. 2019இல் வெளிவந்த இந்த முடிவுதான் எல்லோர் வாயிலும் நின்றது.

மறுபாதி 2021இல் வந்தது. இந்த முறை பழைய பதிவுகள் அல்ல, அந்தந்த நேரத்தில் வந்துகொண்டிருந்த 169,049 அழைப்புகள். மென்பொருள் 5,242 அழைப்புகளில் சந்தேகப்பட்டது. அவற்றைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குத் திரையில் எச்சரிக்கை காட்டப்பட்டது. மற்றப் பகுதிக்கு எதுவும் காட்டப்படவில்லை. எச்சரிக்கை கிடைத்தவர்கள் 318 உண்மையான நோயாளிகளில் 296 பேரை அடையாளம் கண்டார்கள். கிடைக்காதவர்கள் 336 பேரில் 304 பேரை. அதாவது 93.1 வீதமும் 90.5 வீதமும். புள்ளிவிவர முறைப்படி பார்த்தால் இந்த இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கலாம்.

தனியாக ஓடவிட்டால் மனிதரை முந்துகிறது, மனிதருக்குப் பக்கத்தில் இருத்தினால் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஏன்?

318இல் 296 போக மிச்சம் 22 பேர். அந்த 22 அழைப்புகளிலும் எச்சரிக்கை திரையில் இருந்தது. அழைப்பை எடுத்தவருக்கு அது தெரிந்திருக்கும். இருந்தும் இதயம் நின்றுவிட்டது என்று அவர் முடிவெடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கு முன் இன்னொரு எண்ணைப் பார்க்க வேண்டும்: மென்பொருள் சந்தேகப்பட்ட 5,242 அழைப்புகளில் உண்மையானவை 654. எட்டில் ஒன்று. ஒரு வாரம் அந்தக் கதிரையில் இருந்தவருக்கு இது கணக்குப் பார்க்காமலே பழகிவிடும். எட்டு முறை மணி அடித்து ஏழு முறை சும்மா என்றால் எட்டாவது மணியை யார்தான் அவசரமாக எடுப்பார்? இது என் வாசிப்பு. ஆய்வாளர்கள் இவ்வளவு வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லவில்லை.

இவ்வளவு பொய் எச்சரிக்கை வந்ததற்கு மென்பொருள் மோசமானது என்பது காரணமில்லை. தேடும் பொருள் அரிதானது. 2014இல் நூறு அழைப்புகளுக்கு ஒன்றுகூட இதயம் நின்ற அழைப்பு இல்லை. அரிதானதைத் தேடும் எந்தக் கருவியும், அது எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், தேவையில்லாததையும் அள்ளிக்கொண்டுதான் வரும். ஆகவே கேட்க வேண்டியது, பொய் எச்சரிக்கைக்கு யார் விலை கொடுப்பது என்பது. கோப்பன்ஹேகனில் விலை கொடுத்தது அழைப்பை எடுப்பவரின் கவனம். எங்கள் பக்கம் அது வேறு மாதிரி விழும்.

297 வண்டிகளும் ஒரு மாவட்டமும்

இலங்கையில் அம்புலன்ஸ் என்றால் 1990 என்ற தொலைபேசி இலக்கம். 2016 யூலையில் இந்திய நன்கொடையில் மேல், தென் மாகாணங்களுக்கு 88 வண்டிகளோடு தொடங்கிய சுவசெரிய, பிறகு 209 வண்டிகள் சேர்ந்து நாடு முழுவதுக்குமான சேவையானது. 2018ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்படி அது தனி மன்றம். காசு வாங்குவதில்லை. தமிழிலும் பேசலாம். வண்டியில் அவசர சிகிச்சை படித்த ஒருவர் வருவார். அழைப்புகள் எல்லாம் கொழும்புப் பக்கம் இருக்கும் ஒரே கட்டுப்பாட்டு நிலையத்துக்குத்தான் போகும்.

88ஐயும் 209ஐயும் கூட்டினால் 297. மாவட்டம் 25. சராசரியாக ஒரு மாவட்டத்துக்குப் பன்னிரண்டுகூட வராது. மட்டக்களப்பில் வாகரையிலிருந்து துறைநீலாவணை வரையும், வாவிக்கு அங்கால் வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி என்று காடு தொடும் இடம் வரையும் அந்தக் கையளவு வண்டிகள்தான் ஓட வேண்டும். இப்படியான இடத்தில் எட்டில் ஏழு தவறும் எச்சரிக்கையை நம்பி வண்டியைக் கிளப்பினால், கொக்கட்டிச்சோலையில் வயிற்றுப்போக்குக்காகப் போன வண்டி திரும்பி வரும்வரை ஆரையம்பதியில் மூச்சுத்திணறலோடு கிடப்பவர் காத்திருப்பார். ஒருவரை மேலே ஏற்றுவது இன்னொருவரைக் கீழே இறக்குவதுதான். திரையில் அது தெரியாது, அவ்வளவே.

இங்கிலாந்து இதை இப்படியான கற்கும் மென்பொருள் இல்லாமல் வேறு வழியில் பார்த்தது. அங்கே நீண்ட காலமாக எட்டு நிமிடத்துக்குள் வண்டி போக வேண்டும் என்ற இலக்கு. கடிகாரத்தை நிறுத்துவதற்காகவே என்ன நோய் என்று தெரிவதற்கு முன் வண்டி கிளம்பிவிடும். சில அழைப்புகளுக்கு இரண்டு மூன்று வண்டிகூடப் போகும். 2017இல் அதை மாற்றினார்கள். உயிர் உடனே போகக்கூடிய அழைப்புகளைத் தவிர மற்றவற்றில் கேள்வி கேட்டு முடிவெடுக்க 240 செக்கன் வரை அவகாசம். முன்பு அது 60 செக்கன். கேள்விக்குக் கூடுதலாக மூன்று நிமிடம் கொடுத்தால் வீணாகப் போகும் வண்டி மிச்சமாகும் என்பதுதான் கணக்கு.

கோப்பன்ஹேகனையும் இங்கிலாந்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: வண்டி குறைவான இடத்தில் மென்பொருளின் சந்தேகம் முதலில் கேள்வியாகப் போக வேண்டும், வண்டியாக அல்ல. எச்சரிக்கை சிவப்பு விளக்காக எரிவதற்குப் பதிலாக, "இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்" என்று ஒரே வரி காட்டினால் போதும். பதிலைக் கேட்டு முடிவெடுப்பது அழைப்பை எடுத்தவர். பொய்ச் சந்தேகத்தின் விலை அப்போது ஐந்து செக்கன்தான்.

வெல்லாவெளிப் பக்கமிருந்து ஓர் அழைப்பு

கீழே வருவது நான் கட்டியது. ஆனால் அதிலுள்ள மருத்துவம் கட்டியது இல்லை. தை மாதம், பெரும்போக நெல் கதிர் முற்றும் நேரம், விடியச்சாமம் நாலு மணி.

"ஹலோ மிஸ், அம்புலன்ஸா? எங்கட அப்பாக்கு ஏலா. வயித்துக்குத்து. சத்தியும் எடுக்கிறார்."

"அப்பாக்கு எத்தின வயசு?"

"அம்பத்தெட்டு."

"எப்ப இருந்து?"

"ரெண்டு ரெண்டரை இருக்கும். தண்ணி குடிச்சாலும் வெளிய வருது."

"முதல்ல இப்படி வந்திருக்கா? வேற வருத்தம் ஏதும்?"

"கேஸ்ட்ரிக் இருக்கு மிஸ். மருந்து எடுக்கிறவர்."

"நெஞ்சு வலி, மூச்சு எடுக்கக் கஷ்டம் ஏதும் இருக்கா?"

"இல்ல. நல்லாக் கதைக்கிறார்."

அழைப்பை எடுத்தவர் எந்தக் கேள்வியையும் தவறாகக் கேட்கவில்லை. 58 வயது, கேஸ்ட்ரிக், வயிற்றுவலி, வாந்தி, நினைவு தெளிவு, மூச்சு சரி. பார்த்தவுடன் இது கீழ்த்தட்டு அழைப்பு போலத்தான் தெரியும். மென்பொருளைப் பழைய அழைப்புகளை வைத்துப் பழக்கியிருந்தால் அதுவும் அதையேதான் சொல்லும், இன்னும் அதிக நம்பிக்கையோடு.

கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: ராத்திரி அப்பா எங்கே படுத்தார்?

யானைக் காவலுக்குப் போய் வயல் வாடியில், நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார் என்றால் கதை மாறிவிடுகிறது. கட்டு விரியன், எண்ணெய் விரியன் என்றும் சொல்வார்கள், ராத்திரியில் நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும் பாம்பு. கடிவாயில் வீக்கம் இராது, வலியும் பெரிதாக இராது, பல்லுப் பட்ட அடையாளம்கூடச் சில வேளை தெரியாது. பலர் நித்திரையே கலையாமல் கிடப்பார்கள். முதலில் வருவது வயிற்றுவலியும் வாந்தியும். அப்புறம் கண் இமை கீழே இறங்கும், விழுங்க ஏலாமல் போகும், பேச்சுக் குழறும், கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். செயற்கைச் சுவாசக் கருவியுள்ள வைத்தியசாலைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் தப்பிவிடுவார்கள். கிராமத்து ஆள், விடியச்சாமம், நிலத்தில் படுக்கை, காரணமில்லாத வயிற்றுவலி என்றால் கட்டு விரியனை நினை என்று இலங்கை, இந்திய வைத்தியர்கள் மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

இந்த நான்கில் படுக்கையைத் தவிர மற்றவற்றைச் சேர்த்துப் பார்ப்பது மென்பொருளுக்குச் சின்ன வேலை. அழைப்பு வந்த நேரம் தெரியும், இடம் தெரியும், போகம் நாட்காட்டியில் இருக்கிறது, "வயித்துக்குத்து" என்ற சொல் காதில் விழுந்திருக்கிறது. திரையில் ஒரு வரி போதும்: "எங்கே படுத்தார்? கண் இமையைத் தூக்க முடிகிறதா?" மகன் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஓம் மிஸ், கண் பாதி மூடித்தான் கிடக்கு, நித்திரை எண்டு நினைச்சன்" என்றால் அந்த இடத்திலேயே வரிசை மாறும். "இல்ல, நல்லாப் பாக்கிறார்" என்றால் கீழ்த்தட்டிலேயே இருக்கலாம். வேண்டுமானால் அரைமணி கழித்துத் திரும்ப எடுத்து விசாரிக்கலாம்.

இதற்குப் பெரிய நரம்பணு வலையமைப்பெல்லாம் (தரவிலிருந்து தானே கற்கும் மென்பொருள்) வேண்டுமா என்று கேட்டால், இந்த ஒரு கேள்விக்கு வேண்டாம். அனுபவமுள்ள வைத்தியர் ஒருவர் எழுதிய அரைப்பக்க விதியே போதும். 1970களின் இறுதியில் சோல்ட் லேக் சிட்டியில் வைத்தியர் ஜெஃப் கிளோசன் அழைப்பு எடுப்பவர்களுக்கென்று கேள்வி அட்டைகள் எழுதினார். இன்று பல நாடுகளில் ஓடும் வரிசைப்படுத்தல் முறை அங்கிருந்து வளர்ந்தது. அட்டைகளின் குறை, எல்லா ஊருக்கும் ஒரே அட்டை என்பது. இந்த ஊருக்கு இந்தப் பருவத்தில் இந்தக் கேள்வியும் என்று சேர்ப்பதில்தான் கற்கும் மென்பொருளுக்கு வேலை இருக்கிறது.

மகிழடித்தீவா, மகிழூரா

வரிசை சரியாக வந்தாலும் வண்டி எங்கே போவது? எங்கள் மாவட்டத்தில் பாதிச் சிக்கல் இங்கேதான்.

மகிழடித்தீவு படுவான்கரையில், மகிழூர் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்தில். நாவற்குடா நகரத்தோடு ஒட்டியது, நாவற்காடு வவுணதீவுப் பக்கம். இரண்டு சோடிக்கும் நடுவில் வாவி கிடக்கிறது. கொழும்பில் இருக்கும் ஒருவருக்கு, அவர் தமிழராகவே இருந்தாலும், இரைச்சலோடு வரும் அழைப்பில் "மகிழ..." வரை கேட்டுவிட்டு மிச்சத்தை ஊகிப்பது எளிது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளுக்கு அது இன்னும் எளிது. அதிகம் கேட்டுப் பழகிய பெயரைப் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். தவறான கரைக்குப் போன வண்டி வலையிறவுப் பாலத்தாலோ, 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தாலோ, பட்டிருப்புப் பாலத்தாலோ சுற்றித்தான் மறுகரைக்கு வர வேண்டும். மண்டூருக்கும் குறுமண்வெளிக்கும், அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையில் ஓடும் பாதையை (வாவியைக் கடக்கும் மிதவையை) ராத்திரியில் நம்ப ஏலாது.

எண்களில் இன்னொரு கூத்து. வெல்லாவெளிப் பக்கம் 35ஆம் கிராமம், 37ஆம் கொலனி, 39ஆம் கொலனி. அம்பாறை எல்லைக்கு அங்கால் மத்தியமுகாம் பக்கம் 4ஆம் கொலனி, 12ஆம் கொலனி. "கொலனியில இருந்து கதைக்கிறன்" என்று தொடங்குபவருக்கு எந்தக் கொலனி என்பதில் சந்தேகமே இல்லை. கேட்பவருக்கு இரண்டு மாவட்டம் இருக்கிறது.

இதற்கு மிகப் பெரிய உதவி செயற்கை நுண்ணறிவிலிருந்து வராது. அவசர இலக்கத்துக்கு அழைத்தவுடன் கைபேசி தானாகவே இருப்பிடத்தை அனுப்பும் வசதி 2014இல் பிரித்தானியாவில் தொடங்கியது. 2016இல் அண்ட்ரொய்டிலும் 2018இல் ஐபோனிலும் வந்தது. அந்தந்த நாட்டின் அவசர சேவையும் தொலைபேசி நிறுவனங்களும் சேர்ந்து அதை இயக்க வேண்டும். அழைப்பு முன்னுரிமைக்கு மென்பொருள் வாங்க யாராவது காசு ஒதுக்கினால், முதல் காசு இதற்குப் போகட்டும் என்பேன். சிக்னல் இல்லாத வயல்வெளியில் மென்பொருள் கைகொடுக்கலாம்: "பட்டிருப்புப் பாலம் தாண்டியா, இல்லையா?" என்ற கேள்வியை நினைவூட்டலாம். கரை தெரிந்தால் பாதி விலாசம் தெரிந்த மாதிரி.

எந்தக் காதுக்கு எந்தத் தமிழ்

2022இல் வந்த விஸ்பர் என்ற பேச்சறி மென்பொருளை 680,000 மணிநேர ஒலியில் பழக்கினார்கள். ஆங்கிலம் தவிர்ந்த 96 மொழிகளின் பங்கு அதில் 117,000 மணிநேரம். தமிழ் அந்த 96இல் ஒன்று. அந்தத் தமிழுக்குள் காத்தான்குடிப் பேச்சும் வாகரைப் பேச்சும் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்தால் சிரிப்பு வரும். ஆங்கிலத்திலேயே, அமெரிக்காவின் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களை 2020இல் சோதித்தபோது, வெள்ளையர் பேச்சில் நூறு சொல்லுக்குச் சராசரியாக 19 பிழை, கறுப்பினத்தவர் பேச்சில் 35.

பிழையாகக் கேட்பதாவது தெரிந்த குறை. கேட்காததை எழுதுவது அதைவிடப் பொல்லாதது. 2024இல் வந்த ஓர் ஆய்வில், விஸ்பர் எழுதிய ஒலித்துண்டுகளில் சுமார் 1 வீதத்தில் யாரும் பேசாத முழுச் சொற்றொடர்கள் இருந்தன. பேச்சுக்கு நடுவில் நீண்ட மௌனம் இருந்தால் இது கூடுகிறது. அவசர அழைப்பில் மௌனத்துக்குப் பஞ்சமில்லை: அழைத்தவர் போனை வைத்துவிட்டு ஓடுவார், அழுவார், பக்கத்தில் உள்ளவரைக் கூப்பிடுவார். அந்த இடைவெளியில் மென்பொருள் எதையாவது நிரப்பினால் அதை நம்பி யாரும் வரிசை போடக் கூடாது. அதனால்தான் மென்பொருளுக்கு ஓர் எல்லை வேண்டும் என்கிறேன்: அது கேள்வி எழுப்பலாம், யாரையும் கீழே இறக்க அதற்கு அதிகாரம் இருக்கக் கூடாது. கீழே இறக்கும் முடிவு, காதால் கேட்ட மனிதருடையது.

எங்கே தொடங்கலாம்

எங்கள் அழைப்புகளை வைத்துப் பழக்காமல் இது நடக்காது. எதை வைத்து எப்படிப் பழக்குவது என்பதில்தான் பலர் சறுக்கியிருக்கிறார்கள். அமெரிக்க வைத்தியசாலைகளில் ஓடிய மென்பொருள் ஒன்று, யாருக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை என்பதை அவரவர் மருத்துவச் செலவை வைத்துக் கணித்தது. வசதி குறைந்ததால் குறைவாகச் செலவழித்தவர்கள் ஆரோக்கியமானவர்கள் ஆகிவிட்டார்கள். 2019இல் அதை ஆராய்ந்தவர்கள், அந்தச் சாய்வை நீக்கினால் கூடுதல் கவனிப்புப் பெறும் கறுப்பின நோயாளிகளின் பங்கு 17.7 வீதத்திலிருந்து 46.5 வீதமாகும் என்று காட்டினார்கள். எங்கள் பக்கம் இதே குழி, "முன்பு எந்த அழைப்புக்கு முன்னுரிமை கொடுத்தார்கள்" என்பதைப் பாடமாக வைத்தால் வரும். மேலே சொன்ன அப்பா போன்றவர்கள் அந்தப் பாடத்தில் "வயிற்றுவலி, அவசரமில்லை" என்றே இருப்பார்கள். உண்மை, வார்டில் எழுதிய நோயறிதலில் இருக்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைகளின் பதிவை அழைப்புப் பதிவோடு பொருத்த வேண்டும். நோயாளி விபரம் என்பதால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும்; நிற்கவும் வேண்டும். பெயர், இலக்கம் நீக்கி, வைத்தியசாலைக்குள்ளேயே பொருத்திவிட்டு விடையை மட்டும் வெளியே எடுக்கலாம்.

பிறகு ஒரு பெரும்போகம் முழுவதும் மென்பொருள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கட்டும். திரையில் ஒன்றும் காட்ட வேண்டாம். என்ன கேள்வி எழுப்பியிருக்கும் என்பதை மட்டும் தனக்குள் எழுதி வைக்கட்டும். வெள்ளம் வந்து வீதி மூடும் நாட்களும், ஒரே விபத்துக்குப் பத்துப் பேர் அழைக்கும் நாட்களும், யானை அடித்த ராத்திரிகளும் அந்த ஒரு போகத்துக்குள் வந்துவிடும்.

போகம் முடிந்தபின் முதலில் பார்க்க வேண்டியது மென்பொருள் சரியாகச் சொன்ன அழைப்புகளை அல்ல, வாயைத் திறக்காமல் இருந்த அழைப்புகளை. கட்டு விரியன் கடித்து வார்டில் சேர்ந்தவர்களின் பட்டியலை எடுத்து, அவர்களில் யாருக்காக 1990க்கு அழைப்பு வந்தது, அந்த அழைப்பில் படுக்கை பற்றிய கேள்வி எழுந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அழைக்காமல் ஆட்டோவிலும் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்திலும் வந்து சேர்ந்தவர்கள் வேறு கணக்கு. அவர்கள் ஏன் அழைக்கவில்லை என்பது எந்த ஒலிப்பதிவிலும் இராது, கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும்.